ஒப்பிப்பது வேறு, வாசிப்பது வேறு



நான் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி. இந்தப் படிப்பில் ஒரு பங்கு புத்தகத்தில் படிப்பது. இன்னொரு பங்கு, பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கற்பித்துப் பழகுவது. அந்தப் பயிற்சிக்காக எனக்கு ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பைக் கொடுத்தார்கள். அங்கே நான் செய்த ஒரு தவறிலிருந்துதான் இந்தப் பாடத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

வகுப்பில் ஒரு பையன். தமிழ்ப் பாடத்தை வாசி என்றால் எழுந்து நின்று கணீரென்று வாசிப்பான். தடங்கலே இருக்காது. ஒரு நாள் அவனை அழைத்துப் போக வந்த அவன் உம்மாவிடம், "உங்க மகன் ரொம்ப நல்லா வாசிக்கிறான் ராத்தா" என்று நானே வலியப் போய்ச் சொன்னேன். அவர் அன்று இரவே மகனை வாசிக்கச் சொல்லி, போனில் வீடியோ எடுத்து, சவூதியில் வேலை பார்க்கும் அவன் வாப்பாவுக்கு அனுப்பியிருக்கிறார். மறுநாள் வாசலில் நின்று சொன்னார்: "அவங்க மூணு தடவை போட்டுப் பார்த்தாங்களாம் டீச்சர்."

அடுத்த வாரம் அவன் வாசித்துக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தைத் திருப்பினேன். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே புரண்டுவிட்டது. அவன் கண் புத்தகத்தில்தான் இருந்தது; ஆனால் வாயில் வந்ததோ நான் தாண்டிப்போன பக்கத்தின் வரிகள். ஒரு சொல் கூடப் பிசகவில்லை. எனக்குக் கை சில்லிட்டுப் போனது. அந்தப் பிள்ளை இத்தனை நாளும் வாசிக்கவே இல்லை. மற்றவர்கள் வாசித்ததைக் காதில் வாங்கி, படத்தைப் பார்த்து ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

எனக்கு வழிகாட்டியாக இருந்த மூத்த ஆசிரியையிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அவன் வாயைக் கேட்டே, கண்ணைப் பார்க்கலை" என்றார். பிறகு ஒரு துண்டுத் தாளில் அந்தப் பாடத்திலிருந்தே ஆறு சொற்களை இடம் மாற்றி எழுதி அவன் முன்னால் வைத்தார். ஒன்றுதான் சரியாக வந்தது. அடுத்ததாக 'லபம்', 'டமக்' என்று அர்த்தமே இல்லாத இரண்டு சொற்களை எழுதிக் காட்டினார். பையன் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

இந்தப் பொய்ச் சொல் வித்தை அவர் கண்டுபிடித்தது அல்ல. இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஓர் ஒலிப்புச் சோதனை நடத்துகிறார்கள். மொத்தம் 40 சொற்கள். அதில் 20 சொற்கள் எந்த அகராதியிலும் இல்லாத பொய்ச் சொற்கள். கேட்டுப் பழகிய சொல்லைப் பிள்ளை ஊகித்துச் சொல்லிவிடலாம். கேட்காத சொல்லை எழுத்தைப் பார்த்துத்தானே சொல்ல முடியும்? நம் நாட்டிலும் பிரதம் அமைப்பு 2005 முதல் 'அசர்' என்ற ஆய்வுக்காகக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளிடம் ஒற்றைத் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறது. அதில் எழுத்து, சொல், ஒரு சிறு பத்தி, ஒரு கதை என்று நான்கு படி இருக்கும். கதை இரண்டாம் வகுப்புத் தரத்தில்தான் இருக்கும். பாடப்புத்தகத்தைக் கையில் கொடுப்பதில்லை. ஏன் கொடுப்பதில்லை என்பது அந்த இரண்டு தாள் ஒட்டிய நாளில்தான் எனக்கு விளங்கியது.

தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்தது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகள் இழந்ததை ஈடுகட்டத்தான் அது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிப்பார்கள். இந்தப் பையனை எல்லோரும் மலர் என்றே நினைத்திருந்தோம். டீச்சர் அவன் பெயரை அரும்பில் எழுதினார்.

இனி, அவனோடு நாங்கள் எங்கிருந்து தொடங்கினோம் என்று சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இது பயன்படலாம்.

முதல் நாள் கரும்பலகையில் எதுவும் எழுதவில்லை. வேலை முழுக்கக் காதுக்குத்தான். 'மாடு' என்று சொல்லி, "முதல்ல என்ன சத்தம் வருது?" என்று கேட்டேன். பையன் உற்சாகமாக "ம்மாஆ!" என்றான். மாடு எப்படிக் கத்தும் என்று நான் கேட்பதாக நினைத்துவிட்டான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அதில் பெரிய பாடம் இருக்கிறது. சிறு பிள்ளைக்கு ஒரு சொல் என்றால் அந்தப் பொருள்தான். அந்தச் சொல் சத்தங்களால் ஆனது, அதைப் பிரிக்கலாம், திரும்பச் சேர்க்கலாம் என்பது அதற்குத் தானாகத் தோன்றாது. யாராவது காட்டித்தர வேண்டும். 'கடல்' என்பதில் 'க' போனால் என்ன மிச்சம்? 'பல்', 'கல்' இரண்டும் எங்கே ஒரே மாதிரி முடிகிறது? இப்படி இரண்டு மூன்று நாள் விளையாடினோம். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் சமையல்கட்டில் நின்றபடி இதைச் செய்யலாம். பென்சில் கூட வேண்டாம்.

அடுத்தது எழுத்து. நான் அகர வரிசைப்படி அ, ஆ, இ என்று பன்னிரண்டையும் முதலில் முடித்துவிடலாம் என்றேன். டீச்சர் வேண்டாம் என்றார். உயிரெழுத்துகள் மட்டும் இருந்தால் எத்தனை சொல் எழுதிவிட முடியும்? அவர் தேர்ந்தது ப, ட, ம, க, ல. கூடவே புள்ளி. அந்த ஐந்தையும் புள்ளியையும் வைத்துக்கொண்டு படம், மடம், கடல், பகல், கல், பல், கப்பல், பட்டம், கட்டம், பக்கம் என்று பத்துச் சொல் எழுதிக் காட்டினார். ஒரு வாரத்தில் பிள்ளை பத்துச் சொல்லைத் தானே வாசித்துவிட்டால், வாசிப்பு என்றால் என்ன என்பது அதற்குப் புரிந்துவிடும். அகர வரிசை பிறகு வரட்டும். அகராதி பார்க்க அது தேவைப்படும்.

சேர்த்துச் சொல்வதில்தான் எங்கள் பையன் சிக்கினான். க, ட, ல் என்று மூன்றையும் சரியாகச் சொல்லிவிட்டு, முடிவில் 'கட்டம்' என்பான். மூன்றாவது எழுத்துக்குப் போகும்போது முதல் எழுத்து அவன் நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. அதனால் மொத்தமாகச் சேர்க்க விடாமல், க, ட என்றதும் 'கட' என்று சொல்ல வைத்தோம். பிறகு 'கட', ல். பிறகு 'கடல்'. படிக்கட்டில் ஒரு காலை ஊன்றிவிட்டு அடுத்த காலை எடுப்பது போல. நான்கு நாளில் வந்துவிட்டது.

தமிழ் எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 247 எழுத்து என்றதும் பெற்றோருக்கு மலைப்பாக இருக்கும். அதில் 216 உயிர்மெய். ஆனால் 216-ஐயும் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. துணைக்கால் என்ன வேலை செய்கிறது என்று ப, பா, ம, மா, க, கா மூன்றில் காட்டிவிட்டால், மீதியைப் பிள்ளையே செய்யும். (எங்கள் பாட்டிக்கு இந்த வசதி இல்லை. அவர் எழுதும் 'லை' யானைத் தும்பிக்கை வளைந்த மாதிரி இருக்கும். 'னா', 'றா'வுக்கும் அந்தக் காலத்தில் வேறு வடிவம். 1978-இல் அரசு ஆணை வந்த பிறகுதான் இவை சீராயின.) சீராகாமல் நிற்பது உகர வரிசை. கு, டு, மு ஒரு விதம். பு, சு, வு ஒரு விதம். து, நு, ணு இன்னொரு விதம். இதை அவசரமாகத் தாண்டினால் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். இதற்கு மற்ற வரிசைகளைப் போல இரண்டு மடங்கு நாள் ஒதுக்குங்கள் என்பது என் அனுபவம்.

கொம்பும் ஒரு தொல்லைதான். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. சத்தமோ பின்னால் வருகிறது. 'கொ' என்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பெரியவர்களுக்கு இது உறைப்பதே இல்லை. பிள்ளையோ இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வரும். கொம்பைக் கண்டால் அடுத்த எழுத்தையும் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும் என்று பழக்க வேண்டும். 'கொ'வில் உள்ள துணைக்காலை 'ர' என்று வாசித்த பிள்ளைகளையும் பார்த்தேன். அச்சில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதானே இருக்கின்றன!

நான் செய்த இன்னொரு தவறு, ந, ன, ண மூன்றையும் ஒரே நாளில் ஒன்றாக எழுதிப்போட்டு வித்தியாசம் காட்டியது. வித்தியாசம் தெரியட்டும் என்று செய்தேன், குழப்பம்தான் மிஞ்சியது. ஒத்த சத்தங்களையும் ஒத்த வடிவங்களையும் தள்ளித் தள்ளித்தான் அறிமுகப்படுத்த வேண்டும். முதலில் ஒன்று நன்றாக ஊறட்டும். ர, ற, ல, ள, ழ எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று சத்தம் வருவதையும் கேட்கிறார்கள். கடல், பகல், சங்கு. மூன்றிலும் எழுத்து 'க'தான், சத்தம் ஒன்றில்லை. இதற்கு இலக்கண விதி சொல்ல வேண்டாம். பிள்ளை வீட்டில் பேசும் மொழி தமிழ் என்றால், 'பகல்' என்பதை முதலில் அழுத்தி வாசித்துவிட்டு, தானே திருத்திக்கொள்ளும். "நீ பேசுற சொல்லாப் பாரு" என்று மட்டும் சொன்னால் போதும். ஆம்பூர், வாணியம்பாடி போல உருது பேசும் வீடுகளில் பிள்ளைக்கு அந்தத் துணை குறைவு. அங்கே முதலில் சொல்லைப் பேசிப் பழக்கிவிட்டு, பிறகுதான் எழுத்தில் காட்ட வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. ஃபாத்திமா, ஹசன், ஷாஜஹான், யூசுஃப். பெயரிலேயே ஜ, ஷ, ஹ, ஃ வந்துவிடுகிறது. பாட வரிசையில் இந்த எழுத்துகள் கடைசியில்தான் வரும். எந்தப் பிள்ளையும் முதலில் எழுத ஆசைப்படுவது தன் பெயரைத்தான். அந்தப் பெயரே தெரியாத எழுத்தாக இருந்தால்? அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் அட்டை எழுதி மேசையில் ஒட்டினேன். இப்படி 'ஹ'வை ஹசன் வழியாக வகுப்பு முழுவதும் கற்றுக்கொண்டது.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் மாலை, அந்தப் பையன் மதரஸாவுக்குப் போகும் வழியில் என்னைப் பார்த்து நின்றான். கையில் காயிதா. "எங்கே, ஒரு வரி ஓது" என்றேன். இடையில் ஒரு வரியைத்தான் காட்டினேன். "பா ஜபர் ப, பா ஜேர் பி, பா பேஷ் பு" என்று ஓதினான். வரிசை மாற்றிக் கேட்டேன்; சொன்னான். சேர்த்தெழுதிய மூன்றெழுத்துச் சொல்லைக் காட்டினேன்; பிரித்துச் சொல்லி, சேர்த்தும் சொன்னான். எழுத்து முதலில், நடுவில், கடைசியில் வடிவம் மாறுவதிலும் அவனுக்குக் குழப்பமில்லை. அவனுக்குச் சேர்த்து வாசிக்கத் தெரியும்! உஸ்தாத் ஒவ்வொரு எழுத்தின் சத்தத்தையும் அது பிறக்கும் இடத்திலிருந்து சொல்லிக்கொடுத்து, குறியைச் சேர்த்து, பிறகு எழுத்தோடு எழுத்தைச் சேர்க்கப் பழக்கியிருக்கிறார். ஒலிப்புமுறை என்று நாங்கள் பயிற்சி நிறுவனத்தில் பெரிய சொல்லாகப் படிப்பது இதைத்தான். தமிழில் அவனுக்கு யாரும் அப்படிப் பிரித்துக் காட்டவில்லை, அவ்வளவுதான். மறுநாள் நான் "பா ஜேர் பி மாதிரி, இங்கே ப-வுக்கு மேல்விலங்கு போட்டா பி" என்றதும் அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். காயிதாவில் அழகாக ஓதும் பிள்ளைக்கு அரபுச் சொல்லின் பொருள் தெரியாது. எழுத்தைச் சத்தமாக மாற்றுவது வாசிப்பில் பாதிதான். கஃப், டன்மர் என்ற இரண்டு அறிஞர்கள் 1986-இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பது வாசிப்பு. ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். தமிழில் நம் பையனுக்குப் புரிதல் நிறைய இருக்கிறது, எழுத்துத்தான் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டுமே குறைவு.

ஆங்கிலம் பற்றிப் பெற்றோர் அதிகம் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஏ, பி, ஸி, டி என்பவை எழுத்தின் பெயர்கள், சத்தங்கள் அல்ல. 'ஸி, ஏ, டி' என்று எத்தனை தரம் சொன்னாலும் அது 'கேட்' ஆகாது. 'எச்' என்ற பெயரில் அந்த எழுத்தின் சத்தமே இல்லை. 'டபிள்யூ'வைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதனால் எஸ், ஏ, டி, பி, ஐ, என் ஆகிய ஆறு எழுத்துகளின் சத்தங்களை முதலில் கற்பிப்பது பல பாடத்திட்டங்களில் வழக்கம். அந்த ஆறிலேயே ஸிட், டின், பின், பேன், டேப், நேப் என்று நிறையச் சொற்கள் கிடைத்துவிடும். 26 எழுத்துக்கு ஏறத்தாழ 44 ஒலிகள் இருப்பதால் இரண்டெழுத்து சேர்ந்து ஒரு சத்தம் தருவது பிறகு வரும். இந்த முறையைத்தான் 2006-இல் ஜிம் ரோஸ் தலைமையிலான குழு இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் பரிந்துரைத்தது. சில சொற்கள் எந்த முறைக்கும் அடங்காது. அவற்றைப் பார்த்துப் பழக வேண்டியதுதான்.

இங்கே தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு நன்மை உண்டு. ஆங்கிலம் கற்பிப்பவர்கள் 'ப' என்று சொல்லாதீர்கள், பின்னால் உயிரொலி ஒட்டாமல் சொல்லுங்கள் என்று படாதபாடு படுவார்கள். நமக்கு அதற்கென்றே புள்ளி இருக்கிறது. 'ப்', 'ட்', 'ஸ்' என்று காட்டினால் போதும். ஆனால் நம் நாக்கு சொல்லின் கடைசியில் ஓர் 'உ'வைச் சேர்த்து 'பஸ்ஸு', 'கப்பு' என்று முடிக்கும். அதைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் உட்காரும்போது பத்து நிமிடம் போதும். தினமும் உட்கார வேண்டும், அதுதான் முக்கியம். படத்தைக் கையால் மறையுங்கள். பிள்ளையின் விரல் எழுத்தின் கீழே நகர்கிறதா என்று பாருங்கள். பாடத்தை நடுவிலிருந்து, கீழிருந்து மேலாக, எப்படியும் கேளுங்கள். பஸ் பலகை, கடைப் பலகை, மசாலாப் பாக்கெட் எல்லாம் நல்ல பாடப்புத்தகம்; யாரும் அவற்றை ஒப்பித்து வைத்திருக்க மாட்டார்கள். பிள்ளை திணறினால் சொல்லை நீங்களே சொல்லிவிடாதீர்கள். முதல் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொடுத்துக் காத்திருங்கள். அந்தக் காத்திருப்புத்தான் எனக்குக் கடைசி வரை கஷ்டமாக இருந்தது.

அவன் உம்மாவிடம் உண்மையைச் சொல்ல நான் மூன்று நாள் தள்ளிப்போட்டேன். கடைசியில் டீச்சரே கூட வந்து நின்றார். சொன்னேன். ராத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவங்களுக்கு அனுப்பினது?" என்று மட்டும் கேட்டார்.

"அது என் தப்பு ராத்தா. சரியாப் பார்க்காம நான்தான் சொன்னேன். அவன் ஏமாத்தலை. நாங்க கேட்டதை அவன் கொடுத்தான். வீட்டுல அவனை ஒண்ணும் சொல்லிடாதீங்க."

"எனக்கே தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் டீச்சர். அதான் அவன் சரளமாச் சொன்னதும் அப்படியே நம்பிட்டேன்" என்றார். அன்று முதல் மாலையில் இரண்டு பேரும் சேர்ந்தே உட்கார்கிறார்கள். படம், கடல், கப்பல்.

இரண்டு மாதம் ஓடிவிட்டது. சென்ற வாரம் அவன் இதுவரை பார்க்காத ஒரு சிறு கதையிலிருந்து ஆறு வரி வாசித்தான். நான்கு நிமிடம் ஆனது. எட்டு இடத்தில் நின்றான். இரண்டு இடத்தில் தவறினான். ஓரிடத்தில் தானே திரும்பப் போய்த் திருத்தினான். கேட்பதற்குப் பழைய வீடியோவைப் போல அழகாக இல்லை. ராத்தா அதையும் வீடியோ எடுத்து அவன் வாப்பாவுக்கு அனுப்பினார், நான்கு நிமிடத்தையும் வெட்டாமல்.

என் பயிற்சிக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. அவனைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதி வகுப்பாசிரியையிடம் கொடுத்திருக்கிறேன். துணைக்கால், மேல்விலங்கு வரிசை முழுதும் தெரியும். கொம்பு வந்தால் இப்போதும் ஒரு கணம் நிற்பான், அவசரப்படுத்த வேண்டாம். கு, மு, பு வந்துவிட்டது. து, நு, ணு இன்னும் இல்லை.